அரை நிமிஷம் முன்னால் இருந்த வீடு

போன வாரம் எர்ணாகுளத்தில் மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் நீளப் பை, அதன் வாயில் ஹாக்கி மட்டையின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் எடுக்கப் பையைத் திறந்தாள், அவ்வளவுதான், ஈரக் கையுறையின் நாற்றம் குப்பென்று வந்தது. வியர்வையும் ரப்பரும் சரியாகக் காயாத துணியும் சேர்ந்த நாற்றம். "ஸாரி சேச்சீ" என்று அவசரமாக மூடினாள். பரவாயில்லை, திறந்தே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சிலருக்கு மல்லிகை மணத்தால் ஊர் ஞாபகம் வருமாம். எனக்கு அந்த நாற்றத்தால் பயம் வருகிறது.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் வருஷக்கணக்காகக் காய்ந்தது அந்த நாற்றம்தான். என் தம்பி வினுவின் கையுறைகள். பக்கத்தில் கருவாடு காய்ந்தால் காக்கை விடாமல் வரும், இவனுடைய கையுறைகள் இருக்கும் பக்கம் அது தலைவைத்தும் படுக்காது. ஊரே கால்பந்துப் பைத்தியமாகத் திரிகையில் இவன் மட்டும் எப்படி ஹாக்கி மட்டையோடு வந்து நின்றான் என்பது தெரியாது. பள்ளி, காலேஜ், மாநில அணி என்று போய், ஒருநாள் வடக்கே ஒரு பெரிய நகரத்து லீக் அணி அவனை ஏலத்தில் எடுத்தது. அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் பழைய ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். ஏலம் என்ற சொல்லைக் கேட்டு அம்மா மிரண்டுபோனாள். "தேயிலைய ஏலம் போட்டுக் கேட்டிருக்கேன். பெத்த பிள்ளைய ஏலம் போடுவாங்களாடி?"

ஏலம் எடுத்த அன்றே நானும் அந்த அணியின் ரசிகையாகிவிட்டேன். அந்த நகரத்தை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். எர்ணாகுளத்தில் துணியில் அச்சடிக்கும் ஒரு கடையில் கத்தரிப்பூ நிறத்தில் ஜெர்சி அடித்து வாங்கினேன். ஆண்கள் அளவுதான் கிடைத்தது, முழங்கால்வரை தொங்கியது. கடைக்காரர், "இது எந்த ஃபுட்பால் டீமா சேச்சீ?" என்று கேட்டார். வல்லார்பாடத்தில் கப்பல் ஏஜென்டு ஆபீசில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மேட்ச் நாளில் அந்த ஜெர்சியைச் சுடிதாருக்குள் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன். கொச்சி வெயிலில் இரண்டு சட்டை. முட்டாள்தனம்தான், ஆனால் கழற்றினால் தோற்றுவிடுவோம் என்று நம்பினேன்.

தோற்பதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஹாக்கி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. எதிரணியில் பந்தைச் சுழற்றி எறிகிறாற்போல அடிக்கிற ஒருவன் கோலுக்கு முன்னால் போட்ட வட்டத்தின் விளிம்பில் காத்திருப்பான். நம் ஆட்கள் ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். பந்து உள்ளே வந்ததும் அந்த ஐந்து பேரில் ஒருவன் முகமூடியோடு நேரே அடிக்கிறவனை நோக்கி ஓட வேண்டும். பந்து போகும் வழியைத் தன் உடம்பால் அடைக்க வேண்டும். கல் மாதிரிப் பந்து, கண்ணுக்குத் தெரியாத வேகம். அப்படி ஓடுகிறவனை முதல் ஓட்டக்காரன் என்பார்கள். எங்கள் அணியில் அது வினு.

இதை அவன் ஒரு பதவி உயர்வு மாதிரி போனில் சொன்னான். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அதன்பிறகு ஒரு மேட்சைக்கூட அவள் பார்க்கவில்லை. நான் கூடத்தில் போனில் பார்ப்பேன், அவள் உள்ளே தேங்காய் துருவுவாள். வர்ணனை காதில் விழாமலிருக்க அந்த வேலை. துருவும் சத்தம் நின்றால் பெனால்டி கார்னர் என்ற சொல் மட்டும் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சநேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரே கேள்வி வரும்: "எணீச்சானா?" எழுந்தானா என்பதைத்தான் அப்படிக் கேட்பாள், கொச்சி எங்கள் நாக்கில் ஏறி மூன்று தலைமுறையாகிறது. ஜெயித்தோமா, எத்தனை கோல் என்றெல்லாம் கேட்டதேயில்லை. மேட்ச் நாளில் எங்கள் வீட்டில் ரசம் தவிர எல்லாவற்றிலும் தேங்காய் இருக்கும்.

எங்கள் டிவி ஒரு மழைக்கால இடியில் போயிருந்தது. புதிது வாங்கலாமென்றால் அம்மா சம்மதிக்கவில்லை. "சின்னதாத் தெரிஞ்சாலே தாங்கலை, பெருசா வேறயா?" அதனால் போன்தான். இங்கேதான் பக்கத்து வீட்டுச் சலீனா அக்கா, எங்கள் வாயில் சலீனா இத்தா, வருகிறாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அவள் வீட்டில் கேபிள் டிவி. எங்கள் போனில் படம் வருவதற்கு அரை நிமிஷம் முன்பே அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஆரம்பத்தில் இது பெரிய தொல்லையாக இருந்தது. இத்தா "அய்யோ" என்று கத்துவாள், நான் அந்த அய்யோ என்னவென்று தெரியாமல் அரை நிமிஷம் செத்துப் பிழைப்பேன்.

இத்தாவே அதற்கு ஒரு வழி செய்தாள். பெனால்டி கார்னர் முடிந்து வினு காலூன்றி நிற்பதை அவள் பார்த்ததும் கரண்டிக் காம்பால் சுவரில் தட்டுவாள். எங்கள் போனில் அப்போதுதான் அவன் முகமூடியை மாட்டிக்கொண்டிருப்பான். அம்மா சுவர்ச் சத்தத்தைக் கேட்டு உடனே துருவ ஆரம்பித்துவிடுவாள். நானும் சாய்ந்து உட்கார்ந்து, இனி நடக்கப்போவதைத் தைரியமாகப் பார்ப்பேன். வரப்போகும் ஆபத்து முடிந்துபோய்விட்டது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? எங்களுக்குக் கிடைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அணியின் உண்மையான ரசிகை இத்தாதான். நாங்கள் வினுவுக்காகப் பார்த்தோம், அவள் அணிக்காகப் பார்த்தாள். மேட்ச் அன்று தலையில் போடும் தட்டம்கூடக் கத்தரிப்பூ நிறம். அவள் மகன்கள் கால்பந்து பார்க்கக் கேட்டால் ரிமோட்டை மடியில் வைத்துக்கொள்வாள். எந்த ஆட்டக்காரனுக்கு எந்தக் காலில் வலி என்பதுவரை தெரியும். தோற்ற அன்று அவள் வீட்டில் யாருக்கும் சாயா கிடையாது.

வினுவோடு அறையில் தங்கியிருந்தவன் மங்கள். ஒடிசாவில் மலைக்காட்டு ஊர். பெனால்டி கார்னரில் கோல் கம்பத்தை ஒட்டி நிற்கிற ஆள். வினு வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் தோளுக்கு மேல் தலையை நீட்டி, அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழை உரக்கச் சொல்வான்: "அம்மா, சாப்பிட்டாச்சா?" மத்தியானம் மூன்று மணிக்கும் அதே கேள்விதான். அம்மா அவனுக்குத் தமிழிலேயே முழுச் சாப்பாட்டையும் விவரிப்பாள். அவன் தலையாட்டிக் கேட்பான்.

அந்த வருஷம் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். சாயங்கால மேட்ச். இரண்டு பக்கமும் சமம், கடைசிக் கட்டத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். துருவும் சத்தம் நின்றது. நான் சுவரைப் பார்த்தேன்.

தட்டும் சத்தம் வரவில்லை.

போனில் வினு முகமூடியை மாட்டுகிறான். கையுறையை இழுத்துவிடுகிறான். மட்டையால் தரையை ஒருமுறை தட்டுகிறான். ஆரோக்கியமாக, முழுசாக நிற்கிறான். அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்பது சுவருக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்துவிட்டது, அதைச் சொல்ல இத்தாவுக்குக் கை வரவில்லை. போனுக்குள் கைவிட்டு அவனை வெளியே இழுத்துவிட முடியாதா என்று ஒரு நினைப்பு வந்தது, சிரிக்காதீர்கள்.

"தட்டலையேடி?" அம்மாவின் குரல்.

"இல்லம்மா."

"அவ வீட்டில கரண்டு போயிருக்கும்."

இத்தா வீட்டு விளக்கு வெளிச்சம் எங்கள் ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டிருந்தது.

பந்து உள்ளே வந்தது. வினு ஓடினான். மூன்று நான்கு எட்டு வைத்தான், பிறகு அவன் உடம்பு ஒரு நூல் அளவு பக்கவாட்டில் விலகியது. எதிரணிக்காரன் அடித்தான். பந்து போனது தெரியவில்லை, ஆனால் வினு நின்றான். நின்றுகொண்டிருந்தான்! நான் கத்தினேன்: "விழவே இல்லம்மா! நிக்கறான்!" உள்ளே அம்மா ஓவென்று அழுதாள், அழுகையோடு சிரித்தாள், குலதெய்வத்தின் பெயரைச் சொன்னாள். இத்தா மறந்துவிட்டாள் போல, கோல் விழுந்திருக்கும், அந்தத் துக்கத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்து, நானே முதல்முறையாகச் சுவரில் தட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது போனில் எல்லாரும் கோல் கம்பத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். வினு முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்டியிட்டான். கம்பத்தடியில் மங்கள் கிடந்தான். வினு விலகிய வழியாகப் போன பந்து, முகமூடிக்குக் கீழே, அவன் தொண்டையில் பட்டிருந்தது. கால்கள் இரண்டும் உதறிக்கொண்டிருந்தன. பிறகு உதறவில்லை.

என் சத்தம் அடங்கியதைக் கேட்டு அம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப் பூ. முதல்முறையாகப் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "யாருடி அது?"

"மங்கள்மா."

"எணீச்சானா?"

ஸ்ட்ரெச்சர் வந்தது, உடனே விளம்பரம் வந்தது. யாரோ சிரித்துக்கொண்டே சோப்பு விற்றார்கள்.

இத்தா வாசலில் வந்து நின்றாள். தட்டம் தோளில் கிடந்தது. "நம்மட மோன் நிக்கண கண்டு சேச்சீ. ஆ மோன் அங்ஙனெ கெடக்கும்போ ஞான் எங்ஙனெயா தட்டா?" நம் பிள்ளை நிற்பதைப் பார்த்துவிட்டாள், அந்தப் பிள்ளை அப்படிக் கிடக்கும்போது எந்தக் கையால் தட்டுவாள் என்று கேட்டாள். அம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். மூன்று பேரும் போனைப் பார்த்தபடி இருந்தோம். வினுவுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் விரல் ஓய்ந்தது. சந்தோஷப்பட்டோமே, அந்தச் சந்தோஷம் வாயில் கசந்தது.

இருட்டிய பிறகு அவனே கூப்பிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து. "மூச்சு விடறான்மா. குழாய் வச்சிருக்காங்க. காலையிலதான் சொல்ல முடியுமாம்." அம்மா தன்னை ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தான் என்று நினைக்கிறேன். அம்மா கேட்டது வேறு.

"அவன் அம்மாவுக்கு யாருடா சொன்னா?"

"அவங்க ஊர்ல டவரே கிடைக்காதும்மா. ஆள் அனுப்பியிருக்காங்க. நாளைக்குத்தான் சேதி போய்ச் சேரும்."

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த அம்மா இப்ப சோறு வடிச்சிட்டு இருப்பா" என்றாள். "பிள்ளை நல்லா நிக்கறான்னு நெனச்சிட்டு இருப்பா." எங்களுக்கு அரை நிமிஷம் நீண்டது அவளுக்கு ஒரு ராத்திரி முழுக்க நீளப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தா அன்று தன் வீட்டுக்குப் போகவில்லை.

மங்கள் பிழைத்தான். ஆனால் குரல் போய்விட்டது, காற்று மட்டும்தான் வரும். ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். வினு பயந்து விலகினானா, கால் இடறியதா என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுவருஷம் ஏலத்தில் அவன் பெயருக்கு யாரும் கை தூக்கவில்லை. இப்போது வல்லார்பாடத்தில்தான் அவனுக்கும் வேலை, ஹாக்கி பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். அணியையும் முதலாளிகள் கலைத்துவிட்டார்கள், அந்த நகரத்தில் இன்று வேறு நிறம், வேறு பெயர். இத்தா கும்பளங்கியில் கட்டிக்கொடுத்த மகளிடம் போய்விட்டாள். அவள் வீடு வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது.

புதிதாக டிவி வாங்கினோம். பெரியது. அம்மா இப்போது முன்னால் உட்கார்ந்தே மேட்ச் பார்க்கிறாள். இரண்டு அணியிலும் அவளுக்குத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. பெனால்டி கார்னர் வந்தால் ஓடுகிறவனுக்காக, கம்பத்தடியில் நிற்கிறவனுக்காக, ஏன், அடிக்கிறவனுக்காகவும் குலதெய்வத்தின் பெயரைச் சொல்கிறாள். அணைத்துவிடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறாள். எங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகச் சோற்றில் கை வைக்கலாம் என்று ஒரு காலம் இருந்தது. அது போய்விட்டது.