மஞ்சள் கோட்டுக்குள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். தமிழில் ஜஸ்ட் பாஸ் ஆனவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். எழுதினால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுமே என்பதுதான் நிஜமான காரணம்.

நைனா, என் அப்பா, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. நடக்க முடியாது என்று அந்தக் காலுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எழுந்து நிற்பார், விழுவார். வீட்டில் மூன்று முறை விழுந்த பிறகு மணிமங்கலம் ரோட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். ஆறு பேருக்கு ஓர் ஆயாம்மாதான், பகலில் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டார்கள். காலையில் அக்கா. என் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு நான்.

"ஷிஃப்ட் மாத்தலாமா மேடம்? இன்னிக்கு லைன் எத்தினி தபா நின்னுச்சு?" என்பேன் அக்காவிடம்.

"ரெண்டு தபா எந்திரிக்கப் பாத்தாரு. பல்ல காட்டாதடா, கண்ணு அவர் மேலயே இருக்கட்டும்."

எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் என் நண்பன் வேலை செய்கிறான். தரையில் கோடு போடும் மஞ்சள் டேப்பில் மிச்சம் மீதி கொஞ்சம் கொடுத்தான். நைனாவின் கட்டிலைச் சுற்றி, இரண்டடி தள்ளி, நாலு பக்கமும் ஒட்டிவிட்டேன்.

"நைனா, இந்தக் கோட்டைத் தாண்டுனா மெமோ. மூணு மெமோ வந்தா சஸ்பெண்டு."

நைனா பாதி வாயால் சிரித்தார்.

"இன்னா தம்பி, இங்கயும் கம்பெனி தொறந்துட்டியா?" என்றார் ஆயாம்மா.

போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். 'இனிமே நானே தேவையில்ல மச்சான், டேப்பு பாத்துக்கும்.'

நாலு நாள் நைனா விழவில்லை. டேப்பின் மகிமை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்த நாலு நாளும் ஆயாம்மா அவர் கை எட்டும் தூரத்திலேயே இருந்தது என் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் அக்கா ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டு முன்னாடியே கிளம்பியிருந்தாள். நான் போனபோது ஆயாம்மா ஈரத் துணி பக்கெட்டோடு நின்றிருந்தார். "போய்க் காயப்போடுங்க ஆயாம்மா, நா கீறேன்ல" என்றேன். அவர் மாடிக்குப் போனார். நானும் ஒரு போன் வந்ததென்று வாசலுக்குப் போனேன். டேப்பு இருக்கிறதே.

சத்தம் கேட்டு ஓடி வந்தேன். கட்டிலின் கால்மாட்டில், மூலையில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் விழுந்து கிடந்தார். நெற்றியில் ரத்தம். மணிக்கட்டு கோணலாக இருந்தது.

"ஏன் நைனா எந்திரிச்ச?"

"கோட்டுக்குள்ளதாண்டா நடந்தேன்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் ஆட்கள் நடக்க வேண்டும், வெளியே வண்டி ஓடும். "கோட்டுக்குள்ள நட" என்று வண்டியில் உட்கார்ந்து காலமெல்லாம் கத்தியவர் அவர். நான் வேலி என்று நினைத்து ஒட்டினேன். அவருக்கு அது வழி. தினமும் அதே கோட்டுக்குள் நடந்து லைனுக்குப் போகிற எனக்கு இது தோன்றவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஆயாம்மா அவரைப் பார்த்ததும் முதலுதவிப் பெட்டி எடுக்க ஓடினார். அதற்குள் டேப்பை முழுக்கப் பிய்த்து உருட்டி பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

தையல் போட்டு, கையில் கட்டும் போட்ட பிறகு இல்லத்து இன்சார்ஜ் மேடம் கூப்பிட்டு விசாரித்தார். அக்காவும் வந்துவிட்டாள்.

"நா வரும்போதே கீழதான் மேடம் கெடந்தாரு" என்றேன்.

ஆயாம்மா என்னைப் பார்த்தார். "நீதான தம்பி துணி காயப்போடச் சொன்ன? நா கீறேன்னு சொன்னியே?"

"அவன் கிண்டல் பண்ணுவான், பெத்த அப்பா விஷயத்துல பொய் சொல்லுவானா?" என்று அக்கா எகிறினாள். நான் பாக்கெட்டில் இருந்த டேப் உருண்டையை இன்னும் ஆழமாக அமுக்கினேன்.

ஆயாம்மாவைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு நைனாவிடம் போய், "ஒழுங்கா படுத்துக்கினு இரு பெருசு, எந்திரிக்காத" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலைச் சுற்றித் தரையில் டேப்பின் பசை அழுக்கேறி, கோடு இன்னும் தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். கேட்டைத் தாண்டிப் போனார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று நண்பனுக்கு எல்லாவற்றையும் டைப் அடித்தேன். கடைசியில், 'டேப்பு இப்போ இல்ல, நா வாசலுக்குப் போனதும் யாருக்கும் தெரியாது, அப்படியே வுட்டுர்லாமா மச்சான்?' என்று கேட்டேன்.

பதில் உடனே வந்தது.

'போட்டோவும் நீ இப்ப அடிச்சதும் எங்கிட்ட கீது, அக்காவுக்கு நீ அனுப்புறியா, நா அனுப்பட்டா?'