வாசிக்காத மூன்றாவது ஓலை

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. என் தங்கை அற்புதத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு மாப்பிள்ளை ஆரோக்கியஜோசப் ஊரில் இல்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போகப் பாண்டிச்சேரி ஓடிவிட்டான். அவன் என் கூட்டாளி. சம்பந்தம் பேசி முடித்தவனே நான். இருபது வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை.

பாரீஸில் ஒரு சீனாக்காரர் ஓட்டலில் பாத்திரம் கழுவினான். பெண்டாட்டி விட்டுப் போனாள், கிட்னி போனது, எங்கள் ஊர் நெரவிக்கே திரும்பி வந்தான். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு என் ஆட்டோவில்தான் போவான். நானாகக் கூப்பிடவில்லை. "அவங்களுக்கு யாருண்ணே இருக்கா?" என்று அற்புதம் போனில் கேட்டாள். நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. 'தப்புத்தாண்டா' என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவேண்டும்.

வந்ததெல்லாம் தாவோ. அந்த ஓட்டல்காரர் சொல்லிக்கொடுத்த பழைய சீனத்து ஞானம். எதுவும் நின்ற இடத்தில் நிற்காதாம், மாறுவதோடு மல்லுக்கட்டக் கூடாதாம். கரண்ட் போனால் தாவோ, குழம்பில் உப்பு கூடினால் தாவோ. ரயில்வே கேட்டில் நின்றபோது சொன்னான்: "கேட்டு போட்டா நிக்கிறோம், தெறந்தா போறோம். அவ்வளவுதான்டா வாழ்க்கை."

"என் தங்கச்சி கதையும் அப்படித்தானா? நீ நிக்கவே இல்லையேடா."

"தண்ணி பள்ளத்தைப் பாத்துதான் ஓடும் மச்சான்."

"நீ ஓடுனது பிளேனைப் பாத்து."

சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் அற்புதம் வாக்கப்பட்ட ஊரான போலகத்திலிருந்து வீட்டுக்காரரோடு அவனைப் பார்க்க வந்தாள், கையில் இடியாப்பத் தூக்கோடு. அவன் தானாகவே ஆரம்பித்தான். "அற்புதம், அந்த மூணாவது ஓலை..."

"அட, அது எப்பவோ மறந்துபோச்சுங்க. ஆறிடும், சாப்பிடுங்க."

உண்மையாகவே சொன்னாள். சொல்லிவிட்டுப் புருஷனிடம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அவன் ஒரு இடியாப்பத்தைக்கூடத் தொடவில்லை. அவர்கள் போனதும் கேட்டேன், "உன் தாவோப்படிதானேடா அவளும் மாறியிருக்கா? இப்ப ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

தூக்கை மூடித் தள்ளி வைத்தான். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். வீடு திரும்பவில்லை. கடைசியாகப் பார்த்தபோது நான் கிளம்ப எழுந்தேன், சட்டையைப் பிடித்தான். தப்பு என்று அப்போதும் சொல்லவில்லை.

"அவ மறந்துட்டா மச்சான். நீயாச்சும் என்னைத் திட்டிக்கிட்டே இருடா."