கயிற்றின் கடைசி முடிச்சு

நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. என் கணவரே இன்னும் "பனியில உனக்கு அப்படித் தோணியிருக்கும்" என்றுதான் சொல்கிறார். அவர் அங்கே இல்லை. நான் இருந்தேன். என்னோடு பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி என் மகள்.

எங்களுடையது சின்னக் கடற்கரை ஊர். அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தில் நான் வழிகாட்டி. அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்தை ஒட்டிய பழைய சுங்க அலுவலகம், மூன்று அறைகள், மழைக்கு ஒழுகும் கூரை, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் நடு அறை மேசையில் இருக்கும் ஊரின் மாதிரியை முதலில் காட்டுவேன். இது குன்று, இது ஆறு கடலில் சேரும் இடம், இது கலங்கரை விளக்கம், இது உங்கள் பள்ளிக்கூடம். யாராவது சரியாகப் பதில் சொன்னால் "கை தட்டுங்க!" என்பேன். கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குத் தட்டுவார்கள்.

பிறகு வெளியே நடை. ஊரின் பழைய கடைத்தெரு இப்போது கடலுக்குள் கிடக்கிறது. என்றோ ஒரு புயல் கொண்டுபோனது. கடல் உள்வாங்கும் நேரத்தில் அந்தத் தெருவின் கற்கள் வெளியே தெரியும். கடல் சுவரின் படியிறங்கி, முதல் கல்தூண் வரை நடந்து, எந்தக் கடை எங்கே இருந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்புவோம். அதைத் தாண்டிப் போவதில்லை.

இதற்கென்று ஒரு கயிறு வைத்திருந்தேன். நீளக் கயிறு, நடுவே வரிசையாக முடிச்சுகள். பிள்ளைக்கு ஒரு முடிச்சு. முன்நுனி என் கையில், பின்நுனி கூட வரும் ஆசிரியையின் கையில். "என்ன ஆனாலும் கயித்தை விடக்கூடாது." இறங்குவதற்கு முன் மூன்று முறை திருப்பிச் சொல்லவைப்பேன். அந்தக் கயிறு என் சொந்த யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று வந்தது என் மகளின் வகுப்பு.

அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஏழு வயது. அந்த வருடம் முழுக்க வீட்டில் ஒரே பாட்டு: மிஸ். மிஸ் இப்படித்தான் சிரிப்பாங்க, மிஸ் இப்படித்தான் எழுதுவாங்க. நான் பல் தேய்க்கச் சொன்னால் காது கேட்காது. மிஸ் சொன்னதாகச் சொன்னால் பிரஷ்ஷோடு ஓடுவாள். அந்த மிஸ்ஸுக்கு மிஞ்சிப்போனால் இருபத்து நாலு வயது இருக்கும். நான் பெற்று வளர்க்கிறேன், அவள் சிரித்தே வாங்கிக்கொண்டு போகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, பொறாமைதான்.

அன்றைக்காவது "இது எங்கம்மா" என்று வாலு நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காக ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்திருந்தேன்.

படியருகே கயிற்றைப் பிரித்தேன். "வாலு, வாடி. முதல் முடிச்சு உனக்கு."

"வேணாம்மா. நான் கடைசி முடிச்சு. மிஸ் பக்கத்துல."

எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டது. மிஸ் வேறு சிரித்தாள். "சரி, போ" என்றேன். திரும்பி வரும்வரை அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். நான் யார் என்று அவர்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மணி ஐந்து இருபது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கடலிலிருந்து பனி மெல்ல வந்துகொண்டிருந்தது. அது அந்த மாதத்தில் வழக்கம்தான்.

நடந்தோம். நான் நன்றாகவே சொன்னேன். கடல் ஏன் இங்கே கரையைத் தின்கிறது, ஆறு கொண்டுவரும் மணல் எங்கே போகிறது, கப்பல்கள் ஏன் இந்த ஊரை விட்டுவிட்டன... ஒரு "அப்படியா மேடம்?" கூட இல்லை. மாறாக, பின்னாலிருந்து சிரிப்பு. அப்புறம் ஒரு பெண்ணின் குரல். தாழ்வாக, நிதானமாக எதையோ சொல்லிக்கொண்டே வந்தது. வார்த்தை பிடிபடவில்லை.

என் வேலையை என் முன்னாலேயே செய்கிறாளா?

நின்றேன். திரும்பவில்லை. "பசங்களா, இந்த இடத்துல என்ன கடை இருந்துச்சு?" பாய் தைக்கும் கடை. கப்பல் பாய். இப்போதுதான் சொல்லியிருந்தேன். பழைய வரைபடம் பார்த்து நான் படித்து வைத்தது.

"முடி வெட்டற கடை!" என்றார்கள், ஒரே குரலில்.

"யார் சொன்னது?"

"கடைசியில வர்றவங்க. மூணு படி ஏறித்தான் உள்ள போகணுமாம். மூணாவது படி உடைஞ்சிருக்குமாம்."

எனக்கு முகம் சூடானது. மிஸ் கட்டிவிடுகிறாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். நான் வருஷக்கணக்காகப் படித்தது தண்டம்.

"மேடம்..." என்றான் எனக்கு அடுத்து வந்த பையன். "கயிறு ஈரமா இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான். காலடியில் இன்னும் தண்ணீர் இல்லை. கயிறு மட்டும் ஊறிப்போயிருந்தது.

அப்போதுதான் திரும்பினேன்.

நாலைந்து பிள்ளைகள் வரை தெரிந்தார்கள். அதற்குமேல் பனி. தெரிந்தவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியிருந்தது. கதை கேட்கும் முகங்கள். என் முன்னால் எந்தப் பிள்ளையும் அப்படி முகம் வைத்ததில்லை.

கயிறு லேசாக இழுபட்டது.

பின்னுக்கு இல்லை. பக்கவாட்டில்.

வரிசை வளைந்துகொண்டிருந்தது. கரைப் பக்கம் இருக்க வேண்டிய வால், எனக்கு வலப்பக்கமாக வந்து, என்னைத் தாண்டி, முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடலை நோக்கி. கல்தூண் எப்போதோ பின்னால் போயிருந்தது.

"மிஸ்! அந்தப் பக்கம் போகாதீங்க!"

அந்தக் குரல் மட்டும் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனது...

"மிஸ்!"

"மேடம்!"

மிஸ்ஸின் குரல்தான்.

ஆனால் அது கரையிலிருந்து வந்தது. என் முதுகுக்குப் பின்னால். வெகு தூரத்தில்.

"மேடம்! தண்ணி ஏறுது! திரும்பி வாங்க!"

மிஸ் அங்கே.

அப்படியானால்... இங்கே?

கயிற்றைப் பிடித்தபடியே ஓடினேன். ஒரு முடிச்சு, ஒரு பிள்ளை. அடுத்த முடிச்சு, அடுத்த பிள்ளை. கணுக்கால் வரை தண்ணீர். பிறகு முழங்கால்.

கடைசி முடிச்சில் வாலு.

அவள் கைக்கு அப்பால் கயிறு விறைத்து நின்றது. பனிக்குள் போயிருந்தது. மறுநுனியில் யாரோ இருந்தார்கள். மூச்சுச் சத்தம் இல்லை. முடியிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

சொட்... சொட்...

"வாலு, வாடி!"

"இரும்மா. இன்னும் பள்ளிக்கூடம் வரல."

"விடு கயித்தை!"

"நீதானே விடக்கூடாதுன்ன?"

விடவில்லை. எந்தப் பிள்ளையும் விடவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். விரலைப் பிரித்தேன், மீண்டும் மூடிக்கொண்டாள். கயிறு இழுத்தது. எல்லோரும் ஒரு அடி உள்ளே போனார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம்கூட இல்லை. ஆத்திரம். "இவ என் பொண்ணு!" என்று பனியைப் பார்த்துக் கத்தினேன்.

முன்னால் யாரோ சிரித்தது போல இருந்தது.

பிறகு எங்கிருந்து தோன்றியதோ, தொண்டை கிழியக் கத்தினேன்.

"சரியான பதில்! கை தட்டுங்க!"

தட்டினார்கள். பதினைந்து பிள்ளைகளும். பழக்கம்.

கயிறு தண்ணீரில் விழுந்தது. விழுந்த மாத்திரத்தில், சரசரவென்று, ஒவ்வொரு முடிச்சாக, பனிக்குள் போய்விட்டது.

சுவருக்கு வந்துசேர்ந்தபோது மணி ஐந்து ஐம்பது. எல்லோரும் இருந்தார்கள். மிஸ் அழுதுகொண்டிருந்தாள். அவள் மடியில் பதினாறாவது பிள்ளை. படியிறங்கியதுமே அவனுக்கு வயிற்று வலியாம், வாந்தியாம்.

"உங்களைக் கூப்பிட்டேன் மேடம். நீங்க திரும்பவே இல்ல."

"கயித்தை யார்கிட்ட குடுத்தீங்க?"

"உங்க ஆபீஸ் அம்மாகிட்ட. நீங்க அனுப்பினதாத்தானே சொன்னாங்க... தலையெல்லாம் ஈரமா..."

எங்கள் அலுவலகத்தில் பெண் என்றால் நான் ஒருத்திதான்.

அன்று இரவு வாலு என் பக்கத்தில் படுத்திருந்தாள்.

"அம்மா, நீ நல்லாத்தான் சொன்ன. ஆனா அவங்க இன்னும் நல்லா சொன்னாங்க."

"ம்."

"நீ கயித்தை விடச் சொல்லிட்ட. அவங்க இந்தத் தடவை விடவே மாட்டேன்னு சொன்னாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. "இந்தத் தடவை" என்றாளே, அதைக் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, புதுக் கயிறு வாங்க அனுமதி கேட்டு எங்கள் மேலாளரிடம் போனேன். ஊரின் வரலாறு முழுவதும் அறிந்த மனிதர். இனி சுவரைத் தாண்டுவதில்லை, ரோட்டோரம் நடக்கத்தான் என்றேன்.

"கயிறு யோசனையை யார் குடுத்தது உங்களுக்கு?"

"யாரும் இல்ல சார். நானே யோசிச்சதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தத் தெருக் கோடியில ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சும்மா. புயல் அன்னைக்கு அங்க இருந்த டீச்சர், கயித்துல முடிச்சுப் போட்டு, பிள்ளைங்களைப் பிடிக்கவெச்சு, தான் முன்னாடி நின்னு கூட்டிட்டு வந்தாங்க. என்ன ஆனாலும் கயித்தை விடக்கூடாதுன்னு சொல்லித்தான். சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்ற விஷயம் இல்லைன்னு நாம இதைக் காட்சியில வைக்கல."

"பிள்ளைங்க விட்டுட்டாங்களா சார்?"

"ஒருத்தர்கூட விடல. மறுநாள் கரையில எடுக்கும்போதும் ஆளுக்கொரு முடிச்சைப் பிடிச்சபடியே கிடந்தாங்களாம்."

"டீச்சர்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவங்க கிடைக்கவே இல்ல. கயித்தோட முன்நுனி மட்டும் சும்மா கிடந்துச்சு. அவங்க விட்டுட்டாங்க."