பச்சை வந்தால் மணியடிக்கும்

கடலடியில் கிடக்கும் அந்த வெள்ளைத் துணியை விரித்து வைப்பதே மெரெத்தெதான் என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டார்களாம். மாணவி ஸில்யெ ஓடிவந்து அதைச் சொன்னபோது மெரெத்தெ குளிப்புத்துறை மரமேடையில் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் இறங்கும் ஏணியில் ஒட்டிக்கொண்டிருந்த நண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று தலையைத் தூக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

“இருபத்திமூணு. எழுதிக்க. இப்ப சொல்லு, யாரு சொன்னா?”

“ரொட்டிக்கடைக்காரம்மா. அவங்ககிட்ட மீன்காரரோட மச்சினி சொன்னாளாம். அவகிட்ட யாரோ ஒரு படகுக்காரன்.”

“படகு வரைக்கும் போயாச்சா!”

“பழைய படுக்கை விரிப்பாம். நாலு மூலையிலயும் கல்லைக் கட்டி முக்கிடுறியாம். அப்புறம் எங்களைக் கூட்டிட்டு வந்து படம் எடுத்து, கடல் செத்துப்போச்சுன்னு ஊரை மிரட்டுறியாம்.”

“எங்கிட்ட இருக்கிறதே மூணு விரிப்பு. அதுல ஒண்ணு பூப்போட்டது,” என்று மெரெத்தெ முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

நண்டுகள் அசையவில்லை. காற்றே வீசாத செப்டம்பர் நாட்களில், அடித்தண்ணீரில் மூச்சுக்கு வழியில்லாமல் போகும்போது அவை ஏணியேறி வந்துவிடும். வந்து, அத்தனையும் ஊரைப் பார்த்தபடி, எதையோ கேட்க வந்து தயங்கி நிற்பவை போல அப்படியே இருக்கும்.

மெரெத்தெக்கு ஐம்பத்தெட்டு வயது. டென்மார்க்கின் ஜட்லாந்துக் கரையில், விரிகுடாவின் உள்மடிப்பில் கிடக்கும் வெஸ்டர்நெஸ் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறார். இறந்துபோன கணவர் ப்ரேபெனின் மழைக்கோட்டைத்தான் எப்போதும் போட்டிருப்பார். கோட்டின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டும் விரல் நுனிதான் வெளியே தெரியும். பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு ஊரெல்லாம் தேடுவார். மாணவர்கள் பெயர் சொல்லி, நீ என்றுதான் அழைப்பார்கள். இங்கே யாரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக, வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர் சொல்லிக்கொடுக்கிறார்: தண்ணீர் கெடுவதை ஊருக்கு எப்படி எடுத்துச் சொல்வது.

தண்ணீரைச் சோதிப்பது சுலபம், ஊரோடு பேசுவதுதான் கஷ்டம் என்பார். அதற்காக வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் சிடுமூஞ்சி வீட்டுக்காரராக அவரே நிற்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தட்ட வேண்டும்.

“வணக்கம். உங்க வீட்டு டாய்லெட் கடல்ல மிதக்குது,” என்று ஆரம்பித்தான் மால்த்தெ.

“மால்த்தெ, இப்ப நான் கதவைச் சாத்திப் பூட்டிட்டு உங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணப் போறேன். மறுபடி வா. ரெண்டு படி கீழ நில்லு. வீட்டுக்காரர் உன்னைவிட உயரமா நிக்கணும், அப்பத்தான் அவருக்குப் பயம் வராது. முதல்ல அந்த வீட்டுல நெஜமாவே நல்லா இருக்கிற ஒண்ணைச் சொல்லு. அப்புறம் குழாயைப் பத்திப் பேசு. ஆளைப் பத்திப் பேசாத. மாசுன்னு ஆரம்பிச்சா கதவு சாத்தும், குழாய்னு ஆரம்பிச்சா காப்பி வரும்.”

தெருவுக்கடியில் இரண்டு குழாய்கள் போகின்றன. ஒன்று வீட்டுக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும். மற்றது மழைத்தண்ணீரை நேரே விரிகுடாவில் கொட்டும். இந்த ஊர் ஆண்களுக்குச் சனிக்கிழமை வந்தால் வீட்டில் ஒரு சுவரையாவது திறந்து பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. அளவெடுப்பார்கள், அறுப்பார்கள், புதுக் குளியலறை கட்டுவார்கள், கைக்கு எட்டிய குழாயில் கழிப்பறையை இணைத்துவிட்டு பீர் குடிப்பார்கள். அந்தக் குழாய் மழைக்குழாயாக இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் போகிறது, அவ்வளவுதானே.

அதைக் கண்டுபிடிக்கத்தான் பச்சைச் சாயம். ஒரு மாணவர் வீட்டுக் கழிப்பறையில் சாயத்தை ஊற்றித் தண்ணீர் இழுத்துவிடுவார். இன்னொருவர் கடலோரத்தில் மழைக்குழாயின் வாயருகே நிற்பார். பச்சை வராவிட்டால் ஃபோன் அடிக்காது, இருபது நிமிடத்தில் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். பச்சை வந்தால் மட்டும் மணியடிக்கும். அந்த அழைப்பை மாணவர் எடுக்கக் கூடாது, வீட்டுக்காரர்தான் எடுக்க வேண்டும். இது மெரெத்தெயின் சட்டம். “அடுத்தவங்க சொல்லிக் கேட்டா அது புரளி. தன் காதால கேட்டாத்தான் சேதி.”

இதுவரை நூற்று நாற்பது வீடு ஏறியாகிவிட்டது. ஒன்பது வீட்டில் மணியடித்தது. ஒன்பது பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள் என்று மெரெத்தெ அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். காய்ந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பிறகுதான் ஃபோனை வாங்கினார்கள். குளிர்காலத்திலும் கடலில் முங்குகிறவர்களின் சங்கத் தலைவர் ஓவெ, தன் குளியல் அங்கியில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கேட்டார். “அப்ப பத்து வருஷமா நான் முங்கினது என்னோடதுலயேவா?” என்றார்.

குழாயை மாற்றிய நாளிலிருந்து ஓவெ இவர்கள் கட்சி.

அந்த வெள்ளைத் துணி அப்படி லேசில் பிடிபடவில்லை. பழைய மீனவர்கள் அதைப் பிணத்துணி என்பார்கள். மூச்சற்ற சேற்றின்மேல் படரும் கிருமிகள்தான், பாடத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. கயிற்றில் கட்டிய கேமராவை இறக்கினால் பச்சிருட்டில் திடீரென்று வெண்மை வரும்: சுருக்கமில்லாமல், பக்கத்துக்குப் பக்கம் இழுத்து விட்டதுபோல. ஓரங்கள் மட்டும் மெல்ல எழும், தாழும். கீழே யாரோ மூச்சுவிடுவதாக ஸில்யெ ஒரு தடவை சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை. போன வாரம் அதன் மேல் ஒரு விலாங்கு நீட்டிப் படுத்திருந்தது. வாய் திறந்திருந்தது.

விரிகுடாவின் பெரிய வியாதிக்கு வயல் உரம், பன்றிப் பண்ணை என்று ஆயிரம் காரணம். ஏழாம் எண் மழைக்குழாயின் வாயில் படர்ந்திருக்கும் இது சின்னது, தனி. யாரோ ஒருவருடையது. ஆறு கோடைகளுக்கு முன் முதலில் கண்டபோது சாப்பாட்டு மேசை அளவு இருந்தது. மெரெத்தெ வருடந்தோறும் முடிச்சுக் கயிற்றால் அளக்கிறார். இப்போது ஒரு படுக்கையறை கொள்ளும்.

ஏழாம் குழாயில் சேர்வது நங்கூரத் தெரு. தலைமையாசிரியர் நேராகவே சொல்லிவிட்டார்: சனிக்கிழமை துறைமுகக் கூடத்தில் பிள்ளைகள் ஊருக்கு முன்னால் நின்று பேசுகிறார்கள். அது எந்த வீட்டுக் குழாய் என்று அதற்குள் தெரியவில்லையென்றால் வியாழக்கிழமை வகுப்பு இல்லை. புரளிக்குப் பதில் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

முப்பத்தொரு வீடு பார்த்தாயிற்று. முப்பத்தொன்றும் சுத்தம்.

ஏணிக்கருகில் நின்றபடி ஸில்யெ பட்டியலைப் புரட்டினாள். “முப்பத்திரண்டு விட்டுப்போச்சு.”

“அது என் வீடு.”

“தெரியும்.”

“அது ப்ரேபென் போட்ட குழாய், ஸில்யெ. முப்பது வருஷம் கப்பல்ல குழாய் வேலை பார்த்த மனுஷன்.”

ஸில்யெ பட்டியலை மூடினாள். மேடையிலிருந்து கரைக்கு இறங்கும் படிக்கட்டில் இரண்டு படி கீழே போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

“உன் வாசல்ல இருக்கிற அந்த மஞ்சள் ரோஜா ரொம்ப அழகு, மெரெத்தெ,” என்றாள். “நான் குழாயைத்தான் கேக்குறேன். உன்னைக் கேக்கல.”

மெரெத்தெ கொண்டையில் பென்சிலைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

வீட்டின் கீழ்த்தளக் குளியலறையை ப்ரேபென் தன் கடைசிக் குளிர்காலத்தில் கட்டினார். மாடி ஏற முடியவில்லை, ஆள் வைக்கவும் சம்மதிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடியே அலைக்கோடு போட்ட நீல டைல்ஸ் கற்களைச் சுவரில் ஒவ்வொன்றாகப் பதித்தார். ஒன்றைத் தலைகீழாகப் பதித்துவிட்டு, கண்டுபிடி பார்க்கலாம் என்று கண்ணடித்தார். வேலை முடிந்த இரண்டாம் வாரம் அந்த வீட்டின் நான்காவது விரிப்பு அவரோடு போனது. அடுத்து வந்த கோடையில்தான் ஏழாம் குழாயின் வாயில் அந்த மேசையளவு வெண்மை. இரண்டு தேதிகளும் மெரெத்தெக்குத் தெரியும். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை அவர் எழுதிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். அந்தக் கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிட்டால் அரை நிமிடம் கழித்துச் சுவருக்குள் மூன்று முறை விழுங்கும் சத்தம் வரும். களக், களக், களக். “சரி சரி, ப்ரேபென்,” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார். ஏழு வருடமாக அவரோடு பேசுவதற்கு வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். வகுப்பில் மட்டும் வேறு மாதிரி சொல்வார்: “சுவத்துல காதை வச்சுக் கேளுங்க. காத்துக்குழாய் விடாம வீட்டுலயே போட்ட இணைப்புன்னா சுவரு விழுங்கும். அந்த வீட்டைக் குறிச்சு வச்சுக்கங்க.”

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கடல்மூட்டம் தெருவுக்குள் ஏறி வந்துவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை. மால்த்தெ ஏழாம் குழாயருகே போய்ச் சேர்ந்தானா என்பதே தெரியவில்லை. துறையில் இருப்பதாக ஒரு செய்தி மட்டும் வந்தது. அதோடு ஒரு வரி: நண்டெல்லாம் மேடைமேலயே ஏறிடுச்சு.

ஸில்யெ காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். “நீ ஊத்துறியா?”

“சட்டம் சட்டம்தான். மாணவர்தான் ஊத்தணும்.”

சாயம் கழிப்பறையின் வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு நொடி நெருப்புபோல் எரிந்தது. ஸில்யெ பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் போயிற்று. இருவரும் நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

களக்.

ஸில்யெ தரையைப் பார்த்தாள்.

களக். களக்.

மெரெத்தெயின் உதடு அசைந்தது. பழக்கப்பட்ட அந்த வார்த்தை இன்று வெளியே வரவில்லை.

“காப்பி போடட்டுமா?” என்றார்.

“போடு.”

குளியலறை வாசலிலேயே நின்று குடித்தார்கள். வீட்டுக்காரரோடு வேறு ஏதாவது பேச வேண்டும் என்பதும் வகுப்பில் சொன்னதுதான். ஸில்யெ தன் அண்ணனின் புது நாயைப் பற்றிச் சொன்னாள். மெரெத்தெ எல்லா இடத்திலும் சரியாகத் தலையாட்டினார். ஐந்து நிமிடம் ஆயிற்று, எட்டு ஆயிற்று. சன்னலுக்கு வெளியே மூட்டம் ஓசையில்லாமல் கண்ணாடியில் வந்து படிந்தது, யாரோ வெள்ளையாக எதையோ இழுத்து மூடுவதுபோல.

“அந்தத் தலைகீழ்க் கல்லு எதுன்னு தெரியுமா?” என்றார் மெரெத்தெ திடீரென்று. “ஏழு வருஷமா தேடுறேன்.”

“மெரெத்தெ, கிண்ணத்துக்குப் பின்னால. குழாய் சுவத்துக்குள்ள போற இடத்துல.”

மெரெத்தெ குனிந்து பார்த்தார். அங்கேதான் இருந்தது.

பன்னிரண்டாவது நிமிடம். கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்திருந்த ஃபோன் ஒளிர்ந்து, பீங்கானில் அதிர்ந்து, அடித்தது. திரையில் மால்த்தெ என்ற பெயர்.

ஸில்யெ அதைத் தொடமாட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கையில் எடுத்தாள். பொத்தானைத் தொடாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நீட்டினாள். நீட்டியபடியே பின்னால் நகர்ந்து, குளியலறையிலிருந்து நடைக்கு இறங்கும் படியில் கீழே போய் நின்றாள்.

ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.

மெரெத்தெ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். மழைக்கோட்டின் கைகளை ஒரு மடிப்பு ஏற்றிவிட்டார். பிறகு, காய்ந்திருந்த இரண்டு கைகளையும், உள்ளங்கையும் புறங்கையும், விரல் விரலாக, ப்ரேபெனின் கோட்டில் துடைத்துக்கொள்ளத் தொடங்கினார்.