கர்ணப் புறாவும் என் கல்லூரித் தமிழும்

இராயபுரத்தில் பிறந்தவன் என்பதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. அதை என் வாய் காட்டிக்கொடுக்காதபடி மட்டும் பார்த்துக்கொண்டேன். விலங்கியல் படிக்கக் கல்லூரிக்குப் போன முதல் ஆண்டில் எழுந்து ஒரு விடை சொன்னேன், வகுப்பே சிரித்தது. விடை சரி. சொன்ன தமிழ்தான் காசிமேட்டில் மீன் ஏலம் கூவும் தமிழ். அன்று முதல் நாவைக் கட்டுக்குள் வைக்கப் பழகினேன். துறைத்தலைவராக ஓய்வு பெற்று, பிறந்த தெருவுக்கே திரும்பிய பின்னும் அந்தக் கட்டு தளரவில்லை. காய்கறி வண்டிக்காரரிடம்கூட, "கத்தரிக்காய் என்ன விலை, ஐயா?" என்றுதான் கேட்பேன். தெருவே என்னைச் சார் என்று அழைத்தது. எங்கள் எதிர் மாடியில் புறா வளர்க்கும் ஒருவர் மட்டும் அழைக்கமாட்டார். அவர் என்னுடன் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர். ஆகவே அவர் இருக்கும் பக்கம் நான் அதிகம் பார்ப்பதில்லை.

தெருப் படிப்பகத்தில் சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும்படி கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். சில வாரங்களில் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, தங்கள் அறிவியல் விழாவில் என்னைப் பேச அழைக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு வகுப்பைப் பார்க்க வருவதாகச் செய்தி அனுப்பினார். ஓய்வுக்குப் பின் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கும் வாய்ப்பு எனக்கு வாய்க்கவில்லை. அந்த அழைப்பு எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பாடம், மரபுப் பண்புகளும் பெற்ற பண்புகளும். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, பிறவியிலேயே வருபவை இடப்பக்கம், வாழ்ந்து பெறுபவை வலப்பக்கம் என்று விளக்கினேன். உதாரணத்துக்குப் படிப்பக வாசலில் படுத்திருக்கும் தெருநாயைக் காட்டினேன். அதன் ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருக்கும்.

"இதன் குட்டிகளுக்குக் காது முழுமையாகவே இருக்கும். ஏன்?" என்றேன்.

விசைப்படகு ஓட்டுநர் ஒருவரின் மகள் முன் வரிசையில் இருந்தாள். கையைத் தூக்காமலே பேசுபவள்.

"அதுக்கு குட்டியே பொறக்காது சார். ஆபரேசன் பண்ணிட்டுதான காத வெட்டி வுட்டாங்க."

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும், கோட்பாடு சரி, நாய்தான் பொருத்தமற்றது என்று தெளிவுபடுத்தினேன். தலைமையாசிரியை வருவதற்குள் இதைவிடத் தக்க விலங்கு ஒன்று தேவை என்பதும் தெளிவாயிற்று.

அந்த விலங்கைத் தந்தவர் அந்தச் சிறுமியின் தந்தைதான். கடலுக்குப் போகாத நாள்களில் அவர், எங்கள் வீட்டுக்கு அடுத்த தன் மொட்டைமாடியில் கர்ணப் புறா வளர்ப்பவர். பறக்கும்போதே பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடிக்கும் இனம் அது.

"கர்ணம் பிறவிக் குணம்," என்றேன்.

"இன்னா சார் நீ, பாதாம் பருப்பு ஊற வச்சி குடுத்து நான் பழக்கினேன். பிறவியாம் பிறவி."

"பெற்றோரைப் பார்க்காமல் வளர்ந்தாலும் அது கர்ணம் அடிக்கும்."

"அடிக்கலன்னா?"

"இந்த வகுப்பையே நிறுத்திவிடுகிறேன்."

இதைத் தெருவில் நின்று சொல்லிவிட்டேன். மாலைக்குள் அது மூலக்கொத்தளம் வரைக்கும் போயிருக்கும்.

சோதனையை முறைப்படி அமைத்தேன். கர்ணப் புறாவின் முட்டை ஒன்றை எடுத்து, சாதாரண மாடப்புறா ஜோடியின் கூட்டில் வைத்தோம். அவை அதைத் தம் முட்டையாகவே அடைகாத்தன. குஞ்சு பொரிந்ததும் அதன் கண்ணில் கர்ணப் புறா எதுவும் படாதபடி தனிக் கூண்டில் வளர்த்தோம். பாதாம் பருப்பும் தரவில்லை. இறக்கை முளைத்தபின் கூண்டுக்கு மேலே கொஞ்ச தூரம் மட்டும் பறக்கவிட்டு, தகர டப்பாவில் கம்பு தானியத்தைக் குலுக்கும் ஓசைக்குத் திரும்பி இறங்கப் பழக்கினார் ஓட்டுநர். குழந்தைகள் அதை எங்கள் வகுப்பு மாணவராகவே கருதினார்கள். அது வகுப்புக்கு வராத நாள்களில் விடுப்பு எடுத்ததாகவும் சொன்னார்கள்.

தலைமையாசிரியை வந்த சனிக்கிழமை மாலை எல்லோரும் ஓட்டுநரின் மொட்டைமாடியில் கூடினோம். நான் வெள்ளைச் சட்டை அணிந்து, முன்னுரையைச் செப்பனிட்டு வைத்திருந்தேன். புறாவைக் கையில் எடுத்த ஓட்டுநர் தயங்கினார்.

"தனியா வுட வேணாம் சார். கூட ரெண்டு பெருசயும் வுடலாம். இது சின்னது. எதிர் மாடிக்காரு பாத்தாருன்னா இஸ்துக்குவாரு."

புறா வளர்ப்பவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வழி தவறி எவர் மாடியில் புறா இறங்குகிறதோ, அது அவருக்கே சொந்தம். கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அதனால் வானத்தில் தனிக்குஞ்சு ஒன்று தென்பட்டால், எதிராளி தன் கூட்டத்தைப் பறக்கவிட்டுத் தீனி இறைத்து அதைத் தன் பக்கம் இறக்கப் பார்ப்பார்.

"பெரிய புறாக்கள் உடன் பறந்தால், அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று ஆகிவிடும். தனியாகத்தான் பறக்க வேண்டும்," என்றேன். தலைமையாசிரியை தலையசைத்தார். அறிவியல் அறிந்தவர்.

புறா பறந்தது. ஒரு சுற்று, இரண்டாம் சுற்று, ஒன்றுமில்லை. ஓட்டுநர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மூன்றாம் சுற்றில், தேவாலயக் கோபுரத்துக்கு நேர் மேலே, இறக்கையை அடித்துக்கொண்டு அது பின்னோக்கி ஒரு கர்ணம் அடித்தது. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அன்புக் குழந்தைகளே, நாம் இப்போது கண்ட இந்த நிகழ்வு..."

எதிர் மாடியில் டப்பா குலுங்கியது. நரைத்த தாடியும் லுங்கியுமாக என் பழைய பள்ளித் தோழர் நின்றிருந்தார். அவருடைய கூட்டம் மேலெழும்பியது. எங்கள் குஞ்சு அதனுடன் சேர்ந்துகொண்டது. அவர் பிடி பிடியாகத் தீனியை இறைத்தார். கூட்டம் அவர் மாடியை நோக்கிச் சரிந்தது. முட்டையிலிருந்து காத்த என் சான்று, பழக்கம் எதுவும் தீண்டாத அந்தக் கர்ணம், ஒரு டப்பா கம்புக்காக என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பைச் சாய்த்தபடி நான் பேசினேன். பேசியது இது:

"யோவ் பேமானி, எவன் வூட்டு புறாவுக்குயா தீனி வீசிகினு கீற? டப்பாவ கீழ வை சொல்றேன். அங்க வந்தேன், தாடிய புடிச்சி இஸ்து காசிமேட்டாண்ட வுட்டுருவேன். சோமாரி, முட்டைலேர்ந்து வளத்த புறா யா அது."

எதிர் மாடிக்காரர் கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"மாமு, நீயா? வாய் அப்டியே கீதே. காலேஜ்ல புடுங்கி வச்சிக்கினாங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் சிரித்த சிரிப்பில் டப்பா கைநழுவித் தரையில் மோதியது. மிரண்ட கூட்டம் மீண்டும் வானத்தில் சிதறியது. அந்த இடைவெளியில் ஓட்டுநர் எங்கள் டப்பாவைக் குலுக்கினார். குஞ்சு கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, இன்னொரு கர்ணமும் அடித்து, தன் கூண்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சட்டையை நேராக்கிக்கொண்டேன். ஓட்டுநரின் மகள்தான் முதலில் பேசினாள்.

"சார், இப்ப நீங்க பேசினது கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

கேள்வி முறையானது, விடை சொல்லாமல் விடுவது ஆசிரியருக்கு அழகல்ல. "வலப்பக்கம். சிறு வயதில் சூழலால் பெற்றது," என்றேன்.

"அப்ப வகுப்புல பேசற தமிழு?"

"அதுவும் வலப்பக்கம்தான்."

"ரெண்டும் ஒரே பக்கம்னா, இது மட்டும் ஏன் சார் இவ்ளோ வேகமா வருது?"

ஓட்டுநர் புறாவைத் தடவிக்கொடுத்தபடி, "மொதல்ல எறங்கின மாடி அதாம்மா," என்றார்.

தலைமையாசிரியை முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். அழைப்பு போயிற்று என்றே நினைத்தேன். படியிறங்கும்போது அவர் நின்று, "விழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும் சார்," என்றார்; எதற்காக அழைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

போனேன். ஒலிவாங்கிக்கு முன்னால் மரபுப் பண்புகளைப் பற்றிப் பேசினேன். தூய தமிழ், ஒரு சொல் பிசகவில்லை. கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் நடு வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். செய்தி இராயபுரத்திலிருந்து எனக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தது.

"சார், அன்னிக்கி மாடில பேசினீங்களாமே, அத ஒருவாட்டி பேசிக் காட்டுங்க சார்."

மறுத்துவிட்டேன். உயிரிகளின் நடத்தை தூண்டல் இருந்தால்தான் வெளிப்படும்; மேடையில் தூண்டல் எதுவும் இல்லை என்று காரணத்தையும் விளக்கினேன். அவள் உட்காரவில்லை. அவையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப புறா இட்டாந்தா பேசுவீங்களா சார்?"