தண்ணீர் நில்லாத குளம்

அறுபதுகளில் நான் பட்டின சபையில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தேன். கார்த்திகை மழை ஊற்றி ஊர்க்குளம் நிரம்பியது. மழை விட்டு மறுநாள் போய்ப் பார்க்கிறேன், அடியில் சேறுதான் கிடக்கிறது. குளம் போச்சு என்று பயந்தேன்.

ஏனென்றால் அந்தக் குளத்தை மூடி லொறிகள் நிறுத்தும் தரிப்பிடம் ஆக்கச் சபைத் தலைவர் காத்திருந்தார். பட்டினம் பெருத்து, சந்தைக்கு வரும் லொறிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. தூர்வாரக் காசில்லை என்றவரிடம் மன்றாடி, மழைக்கு முன்னமே இணுவில் ஊர்ப் புகையிலைத் தோட்டக்காரரை நான்தான் கூப்பிட்டேன். குளத்து மண் புகையிலைக்கு நல்ல பசளை, சபைக்கும் செலவில்லை. வண்டி வண்டியாக அள்ளினார்கள். ஆசை மிஞ்சி, ஒரு மூலையில் தண்ணீரைத் தாங்கும் அடிக் களிமண்ணையும் அள்ளிவிட்டார்கள். களிக்குக் கீழே பொந்தும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். தண்ணீர் அதற்குள் இறங்கிவிட்டது.

தலைவர் சிரித்தார். "ஓவசியர், உம்மடை குளம் ஓட்டைச் சட்டியெல்லே. சித்திரை பிறக்கட்டும், மண் போட்டு மூடுவம்."

அதுவரை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. களி கொண்டுவந்து மிதிப்பித்தேன். அடுத்த மழையோடு அதுவும் போனது. தலைவர் மேல் கோபம், தோட்டக்காரர் மேல் கோபம். வீட்டில் யார் வாய் திறந்தாலும் எரிந்து விழுந்தேன்.

சித்திரையில் தலைவரும் நானும் கட்டை அடித்து எல்லை குறிக்கப் போனோம். கொதிக்கிற வெயில். கரையிலுள்ள குறுகிய ஒழுங்கையில், ஒரு வீட்டு வாசல் படலையில் நின்று தலைவர் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டுச் செல்லம்மாக்கா செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மிடறு குடித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, இது எங்கை அள்ளின தண்ணி?"

"எங்கடை கிணத்திலைதான், ஐயா."

"உந்த ஒழுங்கைக் கிணறெல்லாம் மாசியிலையே உவர்த்துப் போகுமே?"

"ஓம். வருசா வருசம் கோயில் கிணத்துக்குத்தான் குடம் தூக்கிக்கொண்டு போறனாங்கள். இந்த முறை ஒருத்தரும் போகேல்லை. ஏனெண்டு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. குளம் விழுங்கிய மழையெல்லாம் சுண்ணாம்புக்கல் வழியே போய், உவரை அமுக்கிக்கொண்டு அந்தக் கிணறுகளுக்குக் கீழேதான் கிடந்தது. நான் அதைச் சொன்னதும் தலைவர் செம்பை முடித்துவிட்டு, வறண்ட குளத்தின் பக்கம் திரும்பினார்.

"லொறியளை வேறை எங்கையெண்டாலும் விடுவம். கட்டையளைப் பிடுங்கும், ஓவசியர்."

ஆனாலும் என் பயம் போகவில்லை. தலைவர்மார் மாறிக்கொண்டே இருப்பார்கள், அடுத்தவர் குளத்தை மூடச் சொல்லலாம். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு சித்திரையும் சைக்கிளில் போய் அந்தப் படலையைத் தட்டித் தண்ணீர் கேட்பேன். "தம்பி, உங்கடை வீட்டிலை கிணறில்லையோ?" என்று செல்லம்மாக்கா பகிடி பண்ணுவார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு குளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போனால், குளத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கரையிலுள்ள வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.