மேஸ்திரி அக்காவின் சீருடை

வெளிநாட்டில் படிக்கப் போனபோது நான் இருந்த வீட்டில் என்னோடு ஓர் அக்கா தங்கியிருந்தாள். எல்லோருக்கும் அவள் மேஸ்திரிதான். யார் பெருக்குவது, யார் குப்பையை இறக்குவது என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுவாள். நர்ஸிங் கடைசி வருடம். காலையில் மருத்துவமனைப் பயிற்சி, மாலையில் கடையில் ரொட்டி அடுக்கும் வேலை. மூன்று வருடத்தில் பக்கத்து ஊரைக்கூட அவள் பார்த்ததில்லை.

நான் பள்ளி முடித்த கையோடு வந்தவள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தால் பையும் நானும் ஏதாவது ஒரு பேருந்தில் இருப்போம். என் முறைக்கும் அவளே பெருக்குவாள்.

“கால்ல சக்கரத்தோட பொறந்தவளே, திரும்பி வர்ற வழியாவது தெரியுமா?” என்பாள். முகம் சுளித்ததில்லை.

எங்கள் மாடிக்கென்று கீழே ஒரு சலவை அறை உண்டு. இயந்திரம் ஓடும்போது பூட்டி வைப்போம். இல்லாவிட்டால் துணி காணாமல் போகும். அந்த வெள்ளிக்கிழமை தன் இரண்டு சீருடைகளையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, சாவியை என்னிடம் தந்தாள்.

“திங்கக்கெழமை எட்டு மணிக்கு பிராக்டிகல்டி. எடுத்து உலர்த்திடு.”

தலையாட்டினேன். இயந்திரம் நிற்பதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பூட்டிய அறையின் சாவியைப் பழக்கத்தில் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் அழைத்தபோது கடற்கரையில் நின்றிருந்தேன்.

“சாவி எங்கடி?”

“ஐயோ அக்கா, எங்கிட்டதான் இருக்கு. பஸ் திங்கக்கெழமை பத்து மணிக்குத்தான் வந்து சேரும்.”

“மாத்துச் சாவி வச்சிருக்கற வாட்ச்மேனும் லீவு. சரி விடு, யார்கிட்டயாவது யூனிஃபார்ம் வாங்கிக்கறேன்.”

அன்று மாலையே ஒரு பேருந்து இருந்தது. நடுவில் ஓர் ஊரில் மாறி வர வேண்டும். அவள்தான் ‘விடு’ என்றாளே என்று இருந்துவிட்டேன்.

இரவல் சீருடையில் வேறொருத்தியின் பெயர் தைத்திருந்ததால் அவளை வார்டுக்குள் விடவில்லை. மறுதேர்வு அவள் தம்பி கல்யாணத்தன்று விழுந்தது.

“அவன் கல்யாணத்துல நான் போய் என்ன, தாலியா எடுத்துக் குடுக்கப் போறேன்?” என்று சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

அடுத்த வாரம் அவள் அம்மா என்னை அழைத்தார்.

“காலேஜ்ல பரீட்சை தேதிய மாத்திட்டாங்களாமே கண்ணு? நீ கூட இருக்கறதுதான் எனக்கு தைரியம்.”

என்னைக் காட்டிக்கொடுக்காமல் மேஸ்திரி சொன்ன கதை அது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியவில்லை. சாவியைச் சொன்னேன். சனிக்கிழமைப் பேருந்தையும் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“அப்படி எங்கம்மா போயிருந்தே?”

“கடல் பாக்க.”

“நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா,” என்றேன். அதில் பொய் சொல்ல வரவில்லை.